பட்டாணியின் வயிறு

மனைவி இறந்த ஆறாவது மாதம் பாண்டுரங்கன் மயிலத்துக்குப் பக்கத்தில் இருந்த சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு, மகள் அருணாவோடு திண்டிவனத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நிலத்தைத் தம்பி பார்த்துக்கொண்டார். அருணா விழுப்புரத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தாள். ரத்தம், சிறுநீர், மலம் எல்லாம் அவள் மேசைக்கு வரும். காலை ஏழரை பஸ்ஸைப் பிடித்தால் திரும்பி வர இரவு ஆகிவிடும். அதுவரை அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. அறுபத்திரண்டு வயது வரைக்கும் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத மனிதர், மாடிவீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறதா என்று பார்த்துக்கொண்டு பொழுதைக் கழித்தார்.

ஆவணி தொடக்கத்தில் ஒருநாள் அவர் ஒரு நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். மயிலம் ரோட்டில் டீக்கடை வைத்திருக்கும் தென்னரசுவின் நாய் போட்ட குட்டி. பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வெள்ளை உடம்பில் காது மட்டும் பழுப்பு. பெட்டைக்குட்டி என்பதால் யாரும் எடுத்துப்போகவில்லையாம்.

அருணாவுக்கு அது பிடிக்கவில்லை. அன்று அவள் களைப்பாக வந்திருந்தாள். அப்பாவிடம் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டாள்.

"இதையெல்லாம் யாருப்பா கழுவி விடறது? வீடு ஒருநாள் நாறுனாலும், இதுக்கு ஒடம்புக்கு ஏதாவது வந்தாலும், கொண்டுபோய் அந்தக் கடையிலயே விட்டுட்டு வந்துடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

அவர் குட்டியைத் துண்டோடு மடியில் வைத்துக்கொண்டு, தானே பார்த்துக்கொள்வதாக மட்டும் சொன்னார்.

சொன்னபடியே பார்த்துக்கொண்டார். விடிந்ததும் எழுந்து தாழ்வாரத்தைக் கழுவினார். பாலில் தண்ணீர் கலந்து, கை சுடுகிறதா என்று பார்த்து ஊற்றினார். கேப்பைக் கூழைக் கரைத்துக் கொடுத்தார். பட்டாணி என்று பெயரும் வைத்தார். பிறகு மத்தியான வேளைகளில் அருணாவுக்குப் போன் வர ஆரம்பித்தது. அம்மா போன பிறகு அவர் தானாக யாருக்கும் போன் செய்ததில்லை. இப்போது, பட்டாணி வாசற்படியில் ஏறிவிட்டது, செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது, மாடிவீட்டு அம்மாவைப் பார்த்துக் குரைத்தது என்று ஒவ்வொன்றையும் சொன்னார். அருணா ஒரு காதில் போனை இடுக்கிக்கொண்டு கண்ணாடித் தகடுகளுக்கு எண் போடுவாள். அப்பாவின் குரலில் வந்திருந்த தெம்பைக் கேட்க அவளுக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு வாரத்துக்குள் அவளும் வரும் வழியில் பிஸ்கட் வாங்கி வரத் தொடங்கினாள்.

குட்டியின் வயிறு பானை மாதிரி உருண்டிருந்தது. நடக்கும்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். பாண்டுரங்கனுக்கு அதில் பெருமை. தான் ஊட்டிய பால்தான் அப்படித் தெரிகிறது என்று நினைத்தார். வருகிறவர்களிடம் வயிற்றைத் தட்டிக் காட்டினார். இரண்டாவது வாரம் அந்த வயிறு மட்டும்தான் உருண்டையாக இருந்தது. முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. ரோமம் பளபளப்பு இழந்து குச்சி குச்சியாக நின்றது. எவ்வளவு ஊற்றினாலும் குடித்தது, உடனே தூங்கியது. குட்டி என்றால் தூங்கத்தானே செய்யும் என்று இருவருமே நினைத்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அருணா வேலைக்குக் கிளம்பும்போது தாழ்வாரத்தின் ஓரத்தில் குட்டி வெளிக்குப் போயிருந்ததைப் பார்த்தாள். தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுவென்று இருந்தது. அவள் அதைத் தாண்டிப் போய்விட்டாள். பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்றபோதுதான் அந்தக் கறுப்பு திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. குடலுக்குள் ரத்தம் கசிந்தால் மலம் அப்படித்தான் வரும். அது அவளுக்குத் தெரியும். அப்படிப்பட்ட மாதிரிகளைப் பார்த்து எழுதிக் கொடுத்துத்தான் அவள் சம்பளம் வாங்குகிறாள். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அன்று கூட்டம் அதிகம். சாயங்காலம் ஞாபகம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பா போன் செய்தார். பட்டாணி பால் குடிக்கவில்லை என்றார். வாந்தி எடுத்ததாகவும் சொன்னார். அருணா பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு உடனே கிளம்பினாள். அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது குட்டி ஒரு கோணிப்பையின் மேல் கிடந்தது. வாலை ஆட்டப் பார்த்தது. நுனி மட்டும் அசைந்தது. அவள் அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு வெள்ளைத்தாள் போல இருந்தது.

இருவரும் ஆட்டோவில் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் ஓர் இளம்பெண். குட்டியை மேசையில் படுக்கவைத்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, பூச்சி மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்டார். பாண்டுரங்கன் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

பிறக்கும்போதே தாயிடமிருந்து குட்டிக்குப் புழு வந்துவிடும், தாய்ப்பாலிலும் வரும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். இரண்டு வாரக் குட்டியிலிருந்தே மருந்து கொடுக்க வேண்டுமாம். இந்தக் குட்டிக்கு நீளப் புழுவும் இருக்கிறது, அதைவிட மோசமான கொக்கிப்புழுவும் இருக்கும் போலிருக்கிறது என்றார். ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, சொட்டு மருந்தும் கொடுத்தார். பிறகு பாண்டுரங்கனிடம் மெதுவாகச் சொன்னார்.

"ஐயா, மருந்து புழுவக் கொன்னுடும். ஆனா ஒடம்புல ரத்தமே இல்லீங்க. ரத்தம் ஏத்தணும், அதுக்கு இங்க வசதியில்ல. புதுச்சேரி கொண்டு போனா முயற்சி பண்ணலாம். தாங்குமான்னு என்னால சொல்ல முடியல."

போகலாம் என்று பாண்டுரங்கன் உடனே எழுந்துவிட்டார். அருணா குட்டி மேசையில் கழித்திருந்ததில் கொஞ்சத்தை ஒரு சிறிய டப்பாவில் கேட்டு வாங்கிக்கொண்டாள். எதற்கென்று அந்த நேரத்தில் அவளுக்கே தெரியவில்லை. கை பழக்கத்தில் செய்தது.

வாடகைக் காரில் அவர் குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வழியெல்லாம் அதனிடம் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். கிளியனூர் தாண்டியதும் பேச்சை நிறுத்தினார். அருணா திரும்பிப் பார்த்தாள். அவர் டிரைவரிடம், "வண்டியத் திருப்பிக்கப்பா. இனிமே போயி ஒண்ணும் ஆவப் போறதில்ல" என்றார்.

வாடகை வீட்டில் குழி தோண்ட ஒரு சாண் மண் கிடையாது. அதனால் காரை மயிலத்துப் பக்கம் விடச் சொன்னார். வெயில் இறங்கும் நேரத்தில் தன் நிலத்து வரப்பில், மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொடிகளுக்குப் பக்கத்தில், அவரே மண்வெட்டி பிடித்துத் தோண்டினார். தம்பி உதவிக்கு வந்தும் விடவில்லை. குட்டியை அதே துண்டில் சுற்றி உள்ளே வைத்தார். மண்ணைத் தள்ளும்போது அருணா ஒரு பிடி எடுத்துப் போட்டாள். அம்மாவுக்குப் போட்டது ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் வேலைக்குப் போனதும் முதல் வேலையாக அந்த டப்பாவைத் திறந்தாள். நுண்ணோக்கியின் வட்டம் முழுக்க முட்டைகள். ஓடு மெல்லிய கொக்கிப்புழு முட்டைகளும், தடித்த ஓடுள்ள உருண்டை முட்டைகளும் நெருக்கமாகக் கிடந்தன. ஒரு சொட்டில் இத்தனையை அவள் எந்த மனிதருடைய மாதிரியிலும் பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமையே பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

அடுத்த பத்து நாள் பாண்டுரங்கனிடமிருந்து மத்தியானப் போன் வரவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, குட்டியைக் கொன்றது எதுவோ அதைத் தனக்குக் காட்ட முடியுமா என்று கேட்டார். அருணா யோசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள். அன்று கூட்டம் இருக்காது. முதலாளி சீனுவாசனிடம் சொல்லி அனுமதி வாங்கிவைத்தாள். டப்பாவில் மருந்து ஊற்றி அவள் மிச்சத்தைப் பத்திரப்படுத்தியிருந்தாள்.

அவள் வேலை செய்யும் இடத்துக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். உள்ளே வரும்போது செருப்பைக் கழற்றினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்க அவருக்குத் தெரியவில்லை. அருணா பின்னால் நின்று தலையைப் பிடித்து வாகாக வைத்தாள். வெகுநேரம் அசையாமல் பார்த்தார்.

"இதானா?"

"இது முட்டைப்பா. இதுலேர்ந்துதான் புழு வரும்."

அவர் தலையை எடுக்காமலே சொன்னார்: "புழுவ நான் பாத்தேம்மா."

அருணாவுக்குப் புரியவில்லை.

"அது வந்து ஒரு வாரம்கூட ஆவல. வெளிக்குப் போனதுல சேமியா மாரி நாலஞ்சி நெளிஞ்சிக்கினு கெடந்துச்சி. தெரு மண்ணப் போட்டு மூடி அள்ளிக் கொட்டிட்டேன். அப்பறமும் ரெண்டு தடவ பாத்தேன். நீ பாத்தா கொண்டுபோய் விட்டுடுவியேன்னு சொல்லல."

குட்டி வந்த அன்று களைப்பில் சொன்னதை அருணா மறந்தே போயிருந்தாள். அவர் அதை நம்பி, தினமும் விடியற்காலையில் எழுந்து கழுவி மறைத்திருக்கிறார். குட்டியைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த வேலை அது.

அவள் செவ்வாய்க்கிழமையைப் பற்றிச் சொன்னாள். கறுப்பாக இருந்ததைப் பார்த்தது, டோல்கேட்டில் ஞாபகம் வந்தது, பிறகு மறந்தது எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் நுண்ணோக்கியை விட்டு எழுந்து, அவளை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். துடைத்துக்கொள்ளத் துண்டை நீட்டினார்.

கொஞ்ச நேரம் கழித்து, "மனுசனுக்கும் இது வருமா?" என்று கேட்டார்.

"வரும்ப்பா. இங்க வர்ற பசங்களுக்கு நெறைய இருக்கும்."

"நீதான் பாத்து எழுதிக் குடுக்கறியா?"

"நான்தான்."

அவர் வரிசையாக வைத்திருந்த டப்பாக்களைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பெயரும் வயதும் ஒட்டியிருந்தது. ஒன்றில் நான்கு வயது என்று போட்டிருந்தது. அவர் அதை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"இதப் பாத்துடு" என்றார். "நான் வெளிய உக்காந்துக்கினு இருக்கேன். முடிச்சிட்டு வா, ஒண்ணா போலாம்."