வண்டியிலிருந்து தேடிய கூடு

ஹாயே தன் மகளிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். வயலில் இருக்கும் பறவைக் கூட்டைக் காட்டினால் அதைச் சுற்றிக் கொஞ்சம் விட்டுவிட்டுப் புல்லை வெட்டுவார். காட்டாவிட்டால் வயல் முழுவதையும் வெட்டுவார். சனிக்கிழமை மழை வரும் என்றார்கள். அதற்குள் புல் காய்ந்து கொட்டகைக்குள் போயாக வேண்டும். கூலிக்குப் புல் வெட்டும் வோப்கே தன் இயந்திரத்தோடு மறுநாள் மாலை வருவதாக இருந்தது. ஹாயே கல்நெஞ்சர் இல்லை. குளிர்காலம் முழுக்க அவருடைய மாடுகள் தின்பது அந்தப் புல்லைத்தான்.

மகள் நின்கே என் மாணவி. பதினான்கு வயது. ஃபிரீஸ்லாந்தில் எங்கள் ஊர்ப் பள்ளியில் நான் உயிரியல் நடத்துகிறேன். எங்கள் பள்ளியும் போர்ச்சுகலில் தேஜு ஆற்றங்கரைப் பள்ளி ஒன்றும் சேர்ந்து ஒரு பறவையைக் கவனிக்கின்றன. கருவால் மூக்கன். குளிர்காலக் கடைசியில் அது அவர்களுடைய நெல்வயல்களில் மேயும். வசந்தத்தில் எங்கள் புல்வெளிகளில் முட்டையிடும். காலிலிருக்கும் வண்ண வளையங்களை வைத்து, எது எங்கே வந்தது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். பிப்ரவரியில் அவர்கள் பார்த்த ஒன்று ஏப்ரலில் ஹாயேயின் வயலில் வந்து இறங்கியது. புயலிலும் இடம் மாறாமல் நின்றதால் அதற்கு அவர்கள் பிடிவாதக்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள். நின்கே படம் அனுப்பினாள். வாருங்கள், அவளைக் குடும்பத்தோடு காட்டுகிறேன் என்று எழுதினாள்.

மே மாதம் அங்கிருந்து ஆறு பேர் வந்தார்கள். பிடிவாதக்காரி இருந்தாள். கூடு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் ஊரில் கூடு தேடுவது என்றால் நடப்பது. தோளில் கால்வாய் தாண்டும் நீளக் கோல், கண் தரையில். வசந்தத்தில் முதல் ஆள்காட்டிப் பறவை முட்டையைக் கண்டவரின் பெயர் ஊரெல்லாம் பரவும். முட்டையை இப்போது யாரும் எடுப்பதில்லை. பெயர் போதும். போன வருடம் அந்தப் பெயர் நின்கேயுடையது.

ஆகவே நடந்தோம். வரிசையாக, வயலின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு. பிடிவாதக்காரியும் அவள் இணையும் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றின. நாங்கள் எந்தப் பக்கம் போனாலும் ஒரே கத்தல். மதியம் வரை ஒன்றும் கிடைக்கவில்லை.

வந்தவர்களில் இரியா என்ற பெண் வரிசையை விட்டு விலகினாள். நெல் விவசாயியின் மகள். என்னிடம் வந்து ஒரு வண்டி கிடைக்குமா என்று கேட்டாள். அவர்கள் ஊரில் பறவை பார்ப்பது வண்டியில் உட்கார்ந்துதானாம். ஆளைக் கண்டால் பறக்கும் பறவை வண்டியைக் கண்டுகொள்வதில்லையாம்.

"நாம நடக்கிற வரைக்கும் அது உக்காராது டீச்சர். நாமதான் அதைத் துரத்திக்கிட்டே இருக்கோம்."

நின்கே சிரித்துவிட்டாள். "கார்ல உக்காந்து முட்டை தேடுறதா? வெளிய தெரிஞ்சா மானமே போயிடும்டி."

"அப்ப நட. நாளைக்கு மெஷின் வந்து கண்டுபிடிச்சுக் குடுக்கும்."

எங்கள் பையன்கள் நின்கேயைப் பார்த்தார்கள். அவள் வயலைப் பார்த்தாள். பிறகு போய்த் தன் கோலை அப்பாவின் வேன் மேல் வைத்துக் கட்டினாள். அவளை அறிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பினேன். வேனை வயல் வாசலில் நிறுத்தி இரியா, நின்கே, நான் மூன்று பேரும் உள்ளே உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் வந்து, வண்டி மக்கர் பண்ணுகிறதா என்று கேட்டார். நின்கே இருக்கைக்குக் கீழே குனிந்துகொண்டாள். ஆமாம் என்றேன்.

கத்தல் நின்றது. பிடிவாதக்காரி வயலின் நடுவில் இறங்கினாள். சும்மா மேய்வதுபோல நடந்தாள். நின்றாள். மறுபடி நடந்தாள். உயரப் புல்லுக்குள் போனவள் வெளியே வரவில்லை.

இரியா கண்ணை எடுக்காமல், பறவை மறைந்த இடத்துக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று கேட்டாள். நேர் பின்னால் தேவாலயக் கோபுரம். வேனை அடுத்த வாசலுக்கு ஓட்டினேன். அசைவு கண்டும் பறவை எழும்பவில்லை. புல் நுனிகளுக்கிடையே தலை மட்டும் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அங்கிருந்து பார்த்தால் அதற்கு நேர் பின்னால் ஒரு காற்றாலை. இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடம் நின்கேக்குத் தெரிந்தது. மழை நாளில் தண்ணீர் தேங்கும் பள்ளம் அது. கோலை ஊன்றிக் கால்வாயைத் தாண்டி நேராகப் போனாள். காலடியில் பறவை எழும்பியது. குனிந்து பார்த்தாள். உடனே திரும்பிவிட்டாள்.

"நாலு முட்டை. ரெண்டுல ஓடு உடைஞ்சிருக்கு. உள்ளேருந்து சத்தம் வருது."

இரியா கைதட்டப் போய் நிறுத்திக்கொண்டாள். மூவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. பொரிந்த குஞ்சு கூட்டில் தங்காது. ஈரம் காய்ந்ததும் புல்லுக்குள் ஓடிவிடும். கூட்டைச் சுற்றி ஒரு வட்டம் விடுவதால் பயனில்லை. பள்ளத்திலிருந்து கால்வாய் வரை புல் நிற்க வேண்டும். ஹாயேயின் வயலில் நல்ல புல் அங்கேதான்.

அவர் மாட்டுக் கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தார். நின்கே கெஞ்சவில்லை. கூடு கிடைத்தது என்றாள். எங்கே என்று சொன்னாள்.

"நீங்க சொன்ன மாதிரி சுத்தி விட்டா பத்தாதுப்பா. கால்வாய் வரைக்கும் விடணும்."

"நான் சொன்னது கூட்டுக்கு."

"தெரியும்."

அவர் அடுத்த மாட்டுக்குப் போனார். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். நின்கே வாசலில் நின்ற இரியாவைக் காட்டினாள். வண்டியில் உட்கார்ந்துதான் கண்டுபிடித்தோம் என்பதையும் மறைக்கவில்லை. ஹாயே கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். இந்தப் பறவை உங்கள் வயலில் இருக்கும்போது உன் அப்பா என்ன செய்வார் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார்.

இரியா யோசித்தாள். "தண்ணியை வடிய விட மாட்டாரு. பக்கத்துல எல்லாரும் உழுது முடிச்சிருப்பாங்க. அவரு மட்டும் இது கிளம்பட்டும்னு உக்காந்திருப்பாரு. அம்மா திட்டுவாங்க."

"தினமுமா?"

"தினமும்."

ஹாயே தலையாட்டினார். கறவைக்குத் திரும்பினார்.

மறுநாள் வோப்கே வந்தபோது ஹாயே இயந்திரத்துக்கு முன்னால் நடந்தார். அவர் கை காட்டிய இடத்தில் வோப்கே திரும்பினான். எங்கள் ஊரில் புல் வெட்டிய கோடு நூல் பிடித்ததுபோல இருக்க வேண்டும். கோணினால் வருடக்கணக்கில் சொல்லிக் காட்டுவார்கள். அன்று ஹாயேயின் வயல் கிழிந்த சட்டைபோல ஆனது. நாங்கள் வேனுக்குள்ளிருந்து பார்த்தோம். வெட்டாத புல்லின் ஓரத்தில் பிடிவாதக்காரி நின்றாள். அவள் பின்னால் ஏதோ அசைந்தது. நீளக் காலில் தவிட்டு நிறப் பஞ்சு உருண்டை. பிறகு இன்னொன்று. இரியா அழுதாள். நின்கே அவளைப் பார்க்காததுபோல உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை மழை, வெட்டாமல் நின்ற புல்லையெல்லாம் சாய்த்தது. ஞாயிறன்று தேவாலய வாசலில் ஹாயேயைச் சுற்றி நின்று கேட்டார்கள், வோப்கே குடித்துவிட்டு ஓட்டினானா என்று.

"இல்லை" என்றார் ஹாயே. "அந்தத் துண்டு போர்ச்சுகல்காரங்களது. அவங்க எப்ப வெட்டலாம்னு சொல்றாங்களோ அப்ப வெட்டுவேன்."