சமையலறையில் இங்கிலீஷ் கூடாது

கம்பெனி தன்னைத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்போகிறது என்று தெரிந்த அன்றே, அமெரிக்காவில் பார்சிப்பனி அபார்ட்மென்ட்டில் திருமூர்த்தி ஒரு சட்டம் போட்டான். சமையலறையில் பிள்ளைகள் இங்கிலீஷ் பேசக்கூடாது. அந்த ஊர் மொழியான ஆஃப்ரிகான்ஸ்தான் பேசவேண்டும்.

அவன் மனைவி கண்மணி, கடை விளம்பரத் தாள்களில் படங்களை வெட்டி அட்டைகளில் ஒட்டினாள். கம்ப்யூட்டரில் உச்சரிப்பைக் கேட்டுச் சொல்லிக்கொடுத்தாள். கரண்டி லீபல். கத்தி மெஸ். கப்புக்குக் கொப்பி.

"நோ காப்பி! ஐ வான்ட் பால்," என்றாள் மூன்று வயது ப்ரியா.

ஐந்து வயது சபரி ஒருநாள் வாய்தவறி 'ஸ்பூன்' என்றான். அதே கரண்டியால் அவன் புறங்கையில் திருமூர்த்தி ஓங்கி அடித்தான். கை வீங்கிவிட்டது. சபரி பிறகு தவறவே இல்லை.

2008 நவம்பரில் ஒரு மத்தியானம் திருமூர்த்தி சீக்கிரமே வீட்டுக்கு வந்தான். பிள்ளைகள் சமையலறையில் அட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னடி நடக்குது இங்க?"

"கார்டு காட்டிட்டிருக்கறனுங்க."

"எந்த ஊருக்குப் போறதுக்கு? ப்ராஜெக்டே கேன்சல். என்னையும் லேஆஃப் பண்ணிட்டானுக. இவ இங்க டீச்சர் உத்தியோகம் பாக்கறா!"

அட்டைகளை வாரி அவள் முகத்தில் எறிந்தான். தலைமுடியைப் பிடித்து அலமாரிக் கதவில் மோதினான். மறுபடியும் மோதினான். மேடையிலிருந்த சாதப் பாத்திரம் உருண்டு, சோறு தரையெல்லாம் சிதறியது.

"புள்ளைக பாக்குதுங்க, விடுங்க!"

வெங்காயம் நறுக்கிய கத்தி அவன் கைக்கு வந்தது. கண்மணி கையை உயர்த்தித் தடுத்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழிந்தது. ப்ரியாவின் அலறல் கேட்டுக் கீழ்வீட்டில் யாரோ போலீசைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சைரன் நெருங்கியதும் கத்தியை அரிசி டப்பாவுக்குள் புதைத்தான். அவள் கையில் துண்டைச் சுற்றினான்.

"கண்ணாடி டம்ளரோட விழுந்துட்டேன்னு சொல்லு. நீ என் விசாவுல இருக்கற. நான் உள்ள போனா உன்ன இந்தியாவுக்குத் துரத்திருவாங்க. புள்ளைக சிட்டிசன். இங்கயே புடிச்சு வெச்சுக்குவாங்க. புரியுதா?"

அவளுக்குப் புரிந்தது. போலீஸ்காரர் கேட்டபோது விழுந்துவிட்டேன் என்றுதான் சொன்னாள்.

அவர் சபரியின் முன் குந்தி உட்கார்ந்து, அப்பா கையில் என்ன இருந்தது என்று இங்கிலீஷில் கேட்டார். சபரி அப்பாவைப் பார்த்தான். தான் சமையலறையில் நிற்பதையும் பார்த்தான்.

"மெஸ்," என்றான்.

போலீஸ்காரர் சோறும் ரத்தமும் கிடந்த தரையைப் பார்த்தார். "யெஸ், பிக் மெஸ்," என்று அவன் தலையைத் தடவினார்.

திருமூர்த்தி சிரித்தான். "கிட்ஸ், ஆஃபிசர்."

"மெஸ்!" என்று சபரி கத்தினான். தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

கண்மணி அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"நைஃப்," என்றாள். "மெஸ் மீன்ஸ் நைஃப். அவன் சரியாத்தான் சொல்றான். இட் இஸ் இன் தி ரைஸ்."

விலங்கு மாட்டும்போது திருமூர்த்தி தமிழில் கத்தினான். "உன்ன ஃப்ளைட் ஏத்திருவாங்கடி! புள்ளைக மூஞ்சியக்கூடப் பாக்க மாட்ட!"

"அத நான் பாத்துக்கறேன்," என்றாள் கண்மணி. "நீ போடா."

ஆம்புலன்ஸில் வந்த பெண்ணிடம் துண்டை அவிழ்த்துக் கையை நீட்டினாள்.