மாமியாருக்கு ஒரு கோடு

எங்கள் சலவைக் கடையில் என் கணவர் துவைப்பார், நான் தேய்ப்பேன். உலர்ந்த துணியெல்லாம் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து குவியும். அந்தக் குவியலுக்கு அவர் வைத்த பெயர் மாமியார். உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்காது, என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் என்பார். அவருடைய அம்மா கடைக்கு வரும் நாளில் மட்டும் அதற்குப் பெயர் கிடையாது.

எங்கள் வேலையில் பாதிக்கு மேல் ஒரு மருத்துவமனையின் வெள்ளைக் கோட்டுகள்தான். திங்கள் காலை ஒன்பதுக்குள் கொடுக்க வேண்டும். இரண்டு வாரம் தொடர்ந்து தவறினோம். இன்னொரு தடவை தாமதமானால் வேறு கடை பார்த்துக்கொள்கிறோம் என்று தலைமை நர்ஸ் குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டார்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இவர் இன்னொரு வாஷிங் மெஷின் வாங்கி வந்தார். மூன்றே நாளில் மாமியார் ஜன்னலை எட்டிவிட்டாள். பக்கத்துக் கடைத் தையல்காரர் எட்டிப் பார்த்து, வீட்டம்மா ஊருக்குப் போயிருக்காங்களா என்று கேட்டார். குவியலுக்குப் பின்னாலிருந்து நான்தான் பதில் சொன்னேன்.

அன்று எனக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, துணி அழுக்கா காத்திருந்தா என்ன, வெளுப்பா காத்திருந்தா என்ன? என் கையைத் தாண்டாம எதுவும் வாசலைத் தாண்டாது."

மறுநாள் அவர் ஒரு மணி நேரம் ஸ்டூல் போட்டு என்னையே பார்த்தார். கல்யாணத்துக்கு முன்னால்கூட இவ்வளவு பார்க்கவில்லையே என்று கேட்டேன். கையிலிருந்த காகிதத்தைக் காட்டினார். அந்த ஒரு மணியில் இஸ்திரிப் பெட்டி நகர்ந்தது முப்பத்தொரு நிமிடம். மீதியெல்லாம் நான் துணி தேடியதும், மடித்ததும், வாசலுக்கு எழுந்து போனதும்.

புது மெஷினைப் போர்வையால் மூடினார். தேடுவது, மடிப்பது, வந்தவரிடம் பேசுவது எல்லாம் அவர் வேலையாயிற்று. சுவரில் என் முழங்கால் உயரத்துக்குச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு எனக்குப் புதுப் பதவி கொடுத்துக் கூப்பிட்டார்.

"சூப்பர்வைசர், மாமியார் இதைத் தாண்டினா நான் துவைக்கறதை நிறுத்திடுவேன்."

தன் சட்டையை மட்டும் எப்போதும் குவியலின் அடியில் செருகுவார். காசு கொடுக்காத கஸ்டமர் காத்திருக்கலாமாம்.

அந்தத் திங்கள், ஒன்பதுக்கு இருபது நிமிடம் இருக்கும்போதே கோட்டுகள் போய்ச் சேர்ந்தன. தலைமை நர்ஸ் எண்ணிப் பார்த்தார், கையெழுத்திட்டார், அடுத்த மூட்டையை இவர் தோளில் ஏற்றினார். கடைக்கு வந்து மூட்டையை இறக்கிய பிறகுதான் இவருக்குச் சிரிப்பே வந்தது.

பதினோரு வருடம் ஒரு திங்களும் தவறவில்லை.

அவர் போய், காரியமெல்லாம் முடிந்து கடையைத் திறந்தபோது, அவர் கடைசியாகத் துவைத்தது அப்படியே இருந்தது. சாக்பீஸ் கோட்டுக்கு நாலு விரல் கீழே. மேலிருந்து ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டே வந்தேன். அடியில் நீலக் கட்டம் போட்ட சட்டை.

அதை இன்னும் தேய்க்கவில்லை. அதன் மேல்தான் தினமும் மற்ற துணிகள் வந்து ஏறி இறங்குகின்றன. அவர் காத்திருக்கலாம்.