வழுக்கி விழவில்லை

சென்னப்பன் என் கணவரின் அண்ணன். பாலக்கோடு ரோட்டில் போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டி, வேகத்தடையில் மெதுவாகப் போன லாரியின் பின்னால் காரைக் கொண்டுபோய் இடித்தவர் அவர்தான். பின்சீட்டில் நான். தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது, அவ்வளவுதான். எல்லோரும் இறங்கி முதலில் காரைத்தான் சுற்றிப் பார்த்தார்கள். கடைசியில் யாரோ கேட்டதற்கு, "எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லித் தொலைத்தேன். அப்போது உண்மையிலேயே ஒன்றுமில்லை. நாங்கள் கிளம்பியிருந்த காதுகுத்து வீட்டுக்குப் போய்ப் பந்தியில் பரிமாறவும் செய்தேன்.

மறுநாளே காருக்கு முனியப்பன் கோயிலில் பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். பிறகு ஷெட்டுக்கு அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் காலையில் எழுந்தால் எனக்குக் கழுத்து திரும்பவில்லை. சொன்னேன்.

"அன்னிக்கு பந்தி பூரா நீதான பரிமாறுன? இன்னிக்கு என்ன புதுசா?" என்றார் சென்னப்பன். என் கணவர் பூவரசன் காலிப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பினார். தக்காளி பறிக்கிற நேரம் வேறு. வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாதே என்ற வீம்பில் பதினோரு பெட்டி தலையில் சுமந்தேன். அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் வலது கை விரல்கள் மரத்துப்போய் டம்ளர் நழுவி விழுந்தது. அதற்குப் பிறகுதான் அண்ணனும் தம்பியும் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். போகிற வழியெல்லாம் சென்னப்பன் பாடம் நடத்தினார்.

"கார்னு சொன்னா போலீசுக்கு எழுதிப் போட்டுருவாங்க. எனக்கு லைசென்சு முடிஞ்சு ஆறு மாசம் ஆவுது. வூட்டுல பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேன்னு சொல்லு, போதும்."

டாக்டரம்மா கேட்பதற்குள் அவரே முந்திக்கொண்டு அதைச் சொல்லிவிட்டார்.

"எந்தப் பக்கமா விழுந்தீங்க?" என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எடது பக்கமுங்க" என்றார் சென்னப்பன்.

விழாதவள் எந்தப் பக்கம் விழுந்தாள் என்பது வரைக்கும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. டாக்டரம்மா வலி மாத்திரையும் தடவுகிற மருந்தும் எழுத ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாழ்நாள் முழுக்க இந்தக் கழுத்தோடும் கையோடும் கிடக்கப்போவது நான். அவர் லைசென்சுக்கு என் விரல்களையா கொடுக்க முடியும்?

"எழுதாதீங்க மேடம். நான் வழுக்கி வுழுவல. அஞ்சு நாளைக்கு முன்னாடி நாங்க போன காரு லாரியில இடிச்சிடுச்சு. இப்ப விரலெல்லாம் மரத்துப்போவுது."

பேனா நின்றது. டாக்டரம்மா அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும், கழுத்துப் பட்டை கொண்டு வாருங்கள் என்று நர்ஸிடம் சொன்னார்.

"ஏம்மா அன்னைக்கே வரல?"

"அன்னைக்கு வலிக்கலீங்க. வலிச்சப்ப யாரும் நம்பலீங்க."

"வண்டி ஓட்டினது யாரு?"

பூவரசன் தரையைப் பார்த்தார். சென்னப்பன் எனக்குப் பின்னால் நின்றபடி, "சுகுணா" என்று அடிக்குரலில் கூப்பிட்டார். கழுத்து திரும்பவில்லை. உடம்பையே முழுசாகத் திருப்பி, கையை நீட்டி அவரைக் காட்டினேன்.