வியாழக்கிழமைத் தோட்டா

1991ஆம் ஆண்டு மே மாதம் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு ஸ்பூனர் ஊரார் அத்தனை பேரும் கேட்ட துப்பாக்கிச் சத்தம், ஹால்வர் ரோஸ்டாட் வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்குச் சுட்டது. அவர் வீட்டுக்குப் பின்னால் முந்நூறு கஜத்தில் நிற்கும் பலகையில் செவ்வாயன்றே ஓட்டை விழுந்திருந்தது. வியாழனன்று அவர் புதுத் தாள் ஒட்டிவிட்டு மூன்று முறை விசையை அழுத்தினார். துப்பாக்கியின் கட்டை மூன்று முறை தோளில் இடித்தது. சத்தம் வரவில்லை, தாளிலும் ஒன்றும் விழவில்லை. வேகத்தை அளக்கும் பெட்டி, பூஜ்யத்துக்குக் கீழே ஒரு எண்ணைக் காட்டியது. பெட்டியின் பாட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்து மாற்றினார். புது பாட்டரியும் அதையேதான் சொன்னது.

மொன்டானாவின் மேற்கு மலைகளில் ரைபிள் செய்கிறவர்கள் பலர் உண்டு. ஆனால் எந்தத் தொழிற்சாலையும் செய்யாத தோட்டாவைத் தானே கற்பனை செய்து, அதற்கென்றே ஒரு ரைபிளைக் கட்டுகிறவர்கள் தனி இனம். அப்படிப்பட்ட தோட்டாவை அவர்கள் காட்டுப்பூனை என்பார்கள். கடையில் வாங்கிய பித்தளைக் கூட்டின் கழுத்தை நெருக்கி, தோளைப் பின்னுக்குத் தள்ளி, புதிதாகக் கடைந்த குழலுக்குள் வைத்து ஒரு தடவை சுட்டால், அந்தக் கூடு குழலின் வடிவத்தை எடுத்துக்கொண்டு வெளியே வரும். அதற்குப் பிறகு அது வேறு எந்தத் துப்பாக்கிக்கும் வாக்கப்படாது. இந்த இனத்தாருக்கு இரண்டு ஆசைகள்தான். இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டும்; மூன்று குண்டுகளும் ஒரே ஓட்டைக்குள் போக வேண்டும். நாற்பது வருடமாக ஹால்வர் இந்த இரண்டையும் துரத்திக்கொண்டிருந்தார். அதில் பதினாறு குழல்களைத் தேய்த்து எறிந்திருந்தார். பதினேழாவது குழலில், பதினேழாவது காட்டுப்பூனையில், வேகம் நேரத்தைத் தாண்டிவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, செவ்வாய்க்கிழமைத் தாளில் இருந்தது ஒரே ஓட்டை. வெர்னியர் என்ற நுண் அளவுகோலை வைத்து இரண்டு தடவை அளந்தார். மூன்று குண்டுகள் அந்த வழியாகப் போயிருக்கின்றன என்பதை வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் கண்டுபிடிக்கவே முடியாது.

ஊர் இதை நாலைந்து வாரம் பேசியது. பெர்னீஸ் நடத்திய உணவகத்தில் காலைக் காப்பி நேரத்தில் கட்சி பிரிந்து வாதம் நடந்தது. சத்தம் கேட்ட பிறகு ஹால்வர் சுட மறுத்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. பதில் தெரிந்திருந்தவள் அவர் மனைவி டெலா ஒருத்திதான். அந்த வீட்டில் துப்பாக்கி செய்வது அவர், வெடிமருந்தை நிறுத்துத் தோட்டா நிரப்புவது அவள். ஒருமுறை, ஓட்டை விழுந்து ஒரு நாள் ஆன பின்பு, இன்னும் சுடாத தோட்டாவைப் பிரித்து மருந்தில் ஒரு சிட்டிகையைக் குறைத்துவிட்டாள். சன்னல் வழியே தொலைநோக்கியில் பார்த்தால் பலகையில் தாள் முழுசாக இருந்தது. மருந்து குறைந்தால் சத்தம் பிந்துகிறது, கூடினால் முந்துகிறது. இதை அவள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். குறைத்தபோது குண்டுகள் எவ்வளவு சிதறின என்று மட்டும் ஹால்வர் கேட்டார்.

வேட்டைக்கு அந்த ரைபிள் உதவவில்லை. டில்லனிலிருந்து வந்த ஒரு பல் மருத்துவர் அதே மாதிரி ஒன்று செய்து வாங்கிப்போனார். நவம்பரில் அவர் பள்ளத்தாக்கு முழுக்க ஒரு கலைமானையும் காணாமல், கடுப்பில் வெறும் புதரைப் பார்த்துச் சுட்டுவிட்டுக் கீழே இறங்கினார். அந்தப் புதருக்குப் பின்னால் இரண்டு நாளைக்கு முன்பே விழுந்துகிடந்த மானைக் கயோட்டி ஓநாய்கள் தின்று முடித்திருந்தன. எலும்பைப் படம் பிடித்து அனுப்பினார். ஹால்வர் அந்தப் படத்தில் குண்டு போன இடத்தைப் பார்த்துவிட்டு, தோளுக்கு நேர் பின்னால், அச்சு மாதிரி என்று சந்தோஷப்பட்டார். இந்த மனிதரோடு குடித்தனம் நடத்த டெலாவுக்குப் பொறுமை கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

1994ஆம் ஆண்டு ஜூன் மாதம் டெலாவுக்குச் சீட்டு விழுந்தது. மலையாட்டுக் கடா வேட்டைக்கு அரசாங்கம் வருடத்துக்கு ஒருமுறை குலுக்கல் போடும். ஆயிரக்கணக்கானோர் கேட்பார்கள், அந்த மலைத்தொடருக்கு மூன்று பேருக்குத்தான் கிடைக்கும். கேட்காமலேயே செத்தவர்களும் உண்டு, கேட்டுக்கேட்டுச் செத்தவர்களும் உண்டு. டெலா முப்பத்து மூன்று வருடமாகக் கேட்டுவந்தாள். சீட்டு விழுந்தவர் ஏழு வருடத்துக்கு மறுபடி கேட்க முடியாது. அவளுக்கு அறுபத்தெட்டு வயது, இரண்டு முட்டியும் போய்விட்டன. ஆகவே இது ஒன்றுதான், இதற்கு அடுத்தது கிடையாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கோடை முழுக்க அவள் முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு மலை ஏறி இறங்கினாள். பதினேழாவது ரைபிளையே எடுத்துக்கொள்கிறேன், அது என் தோளுக்கு அளந்து செய்தது, ஆனால் மருந்தைக் குறைத்து நிரப்பு என்று ஹால்வரிடம் சொன்னாள். அவர் சரி என்றார். நடையில் களைத்துப்போனதால் அந்த ஒருமுறை மட்டும் தோட்டா நிரப்புகிற வேலையை அவரிடம் விட்டிருந்தாள். அவரும் நல்லபடியாகத்தான் தொடங்கினார். குறைத்து நிரப்பிச் சுட்டுப் பார்த்தார். மூன்று குண்டுகளும் ஒரு தேநீர்த் தட்டின் அகலத்துக்குப் பரவின. அதைப் பார்க்க அவருக்கு உடம்பே கூசியது. ஐந்து தோட்டாக்களிலும் முழு மருந்தையும் போட்டுப் பெட்டியை மூடிவிட்டார்.

வேட்டைக் காலம் செப்டம்பர் பதினைந்து, வியாழனன்று தொடங்க வேண்டும். பதிமூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஏழு பத்துக்கு, கந்தக ஓடைக்கு மேலே உள்ள சரிவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டெலா அப்போது பிசைந்துகொண்டிருந்த மாவிலிருந்து கையை எடுக்கவில்லை.

வனவிலங்கு அதிகாரி மைலோ வுகோவிச் இரண்டு கோவேறு கழுதைகளோடு மேலே போனான். சரிவில் மனித நடமாட்டமே இல்லை. கொம்பு முழு வட்டம் சுற்றிய பெரிய கடா ஒன்று, தோளுக்குப் பின்னால் ஒற்றை ஓட்டையோடு கிடந்தது. இறைச்சி வீணாவது குற்றம் என்பதால் அங்கேயே வயிற்றைக் கிழித்துக் குடலை அண்டங்காக்கைகளுக்கு விட்டுவிட்டு, கடாவைக் கீழே கொண்டுவந்து பெர்னீஸின் குளிர் அறையில் கொக்கியில் மாட்டினான். பிறகு சட்டப் புத்தகத்தை எடுத்து மத்தியானம் வரை படித்தான். தலைநகரில் இருந்த மேலதிகாரியைத் தொலைபேசியில் கூப்பிட்டு நடந்ததை விவரித்தான். இது சம்பந்தமாக இனிமேல் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று மேலதிகாரி கேட்டுக்கொண்டார். கடைசியில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ரோஸ்டாட் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"மிசஸ் ரோஸ்டாட், சட்டத்துல சுடுறதப் பத்தித்தான் இருக்கு. விழுறதப் பத்தி ஒண்ணுமே இல்ல. நாளன்னைக்கு ஏழு பத்துக்கு அந்தச் சரிவப் பாத்து ஒரு தடவை சுட்டுட்டீங்கன்னா போதும், கடா உங்களுது. கொம்பு நாப்பது அங்குலத்துக்கு மேல. இந்த மலையில இதுவரைக்கும் யாருக்கும் அப்படிக் கெடைச்சதில்ல."

ஊர் கொண்டாடியது. முட்புதர் மாதிரி ஒருத்தரையும் அண்டவிடாமல் இருந்தவர்கள்கூட ஹக்கிள்பெரிக் காட்டுப்பழம் வைத்துச் சுட்ட பலகாரம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். டெலா எல்லோருக்கும் நன்றி சொல்லி, பலகாரங்களை வரிசையாக வைத்துவிட்டு, கடைசி ஆள் போனதும் பட்டறைக்குப் போனாள்.

"எவ்வளவு போட்ட?"

"முழுசா," என்றார் ஹால்வர். அவர் கடைசல் எந்திரத்தை விட்டுத் திரும்பவில்லை.

"கொறைக்கிறேன்னு சொன்னியே."

"கொறைச்சுப் பாத்தேன், டெல். மூணும் மூணு பக்கம் போச்சு. அப்படி ஒண்ண உன் கையில குடுக்க மனசு வரல. இப்ப என்ன, உனக்குக் கடா கெடைச்சிருச்சில்ல?"

"கொம்புதான் வேணும்னா முப்பத்து மூணு வருஷம் எதுக்குச் சீட்டுப் போடணும்? அது நிக்கிறத நான் பாக்கணும். நான் மாவு பெசஞ்சுக்கிட்டு இருக்கறப்போ செத்துப்போனா, அது எப்படிய்யா என் வேட்டை?"

அவள் என்ன செய்யப் போகிறாள் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. எந்திரத்தை விட்டுத் திரும்பினார்.

"குறி தப்பினா? குளிர் அறையில தொங்குறதும் போயிடும், டெல். அப்புறம் ஒண்ணுமே இருக்காது."

"தப்பினா தப்பட்டும்," என்றாள். பயமில்லாமல் சொன்னதாக யாரும் நினைக்க வேண்டாம்.

புதன்கிழமை மத்தியானம் டெலா சன்னலுக்கு முதுகைக் காட்டி மேசையில் உட்கார்ந்து, ஐந்து தோட்டாக்களையும் வரிசையாக நிறுத்தினாள். முதல் தோட்டாவின் குண்டைப் பிடுங்கி, மருந்தைத் தராசுத் தட்டில் கொட்டி, ஒரு சிட்டிகை எடுத்துவிட்டு மீண்டும் மூடினாள். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் கை வைத்தபோது தொலைபேசி அடித்தது. குளிர் அறைக்குள் ஏதோ இடிக்கிறது என்றாள் பெர்னீஸ். டெலா காதுக்கும் தோளுக்கும் இடையில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் மருந்தை எடுத்தாள். கொக்கி காலியாக இருக்கிறது, அது எழுந்து நிற்கிறது, என்னைப் பார்க்கிறது என்றாள் பெர்னீஸ். கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நில்லு என்று டெலா சொன்னாள்.

கடா கடைத்தெரு வழியாக நடந்து வந்தது. தபால் நிலையத்தின் முன்பு இருந்த பெட்யூனியாப் பூக்களில் பாதியைத் தின்றது. ரோஸ்டாட் வீட்டுச் சன்னலுக்குக் கீழே வந்து, குளம்பு ஓசை கேட்க, கொஞ்சம் நின்றது. டெலா திரும்பவில்லை. இங்கே பார்க்க மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நான்காவது தோட்டாவின் மருந்தை நிறுத்தாள். அது மலைப் பக்கம் போய்விட்டதாக வெளியே யாரோ சொன்ன பிறகுதான் மூச்சு விட்டாள். அன்று கந்தக ஓடைச் சரிவில் அண்டங்காக்கைகள் பசியோடு கத்திக்கொண்டிருந்தன என்று மைலோ குறித்து வைத்திருக்கிறான்.

ஊருக்குக் கோபம். கையில் இருந்ததை விட்டவளைப் பார்த்து வருத்தப்படுகிற மாதிரி திட்டினார்கள். கொண்டுபோய்க் கொடுத்த பலகாரத்தைத் திருப்பிக் கேட்க முடியாதே என்று ஒருத்தி பெர்னீஸிடம் அங்கலாய்த்தாளாம்.

வியாழனன்று விடிந்ததிலிருந்து டெலா மலையில் இருந்தாள். மருந்து குறைந்த தோட்டாவை நம்பி நானூறு கஜத்திலிருந்து சுட முடியாது; நூற்றைம்பது அடிக்குள்ளாவது போக வேண்டும். கடாவை அவள் பத்து மணிக்குத் தொலைநோக்கியில் கண்டாள். அங்கிருந்து மத்தியானம் மூன்றரை வரை, கற்களுக்கு நடுவே, முட்டியில் நடக்க முடியாத இடங்களில் முழங்கையாலும் வயிற்றாலும் நகர்ந்தாள். காற்று இரண்டு முறை மாறியது. இரண்டு முறையும் அசையாமல் கிடந்தாள். கடைசியில் ஒரு பாறைக்கு மேலே தலையைத் தூக்கியபோது கடா பக்கவாட்டாக நின்றுகொண்டிருந்தது. வெயிலில் கொம்பின் வளையங்களை எண்ணலாம் போலிருந்தது. அவள் எண்ணினாள். ஒன்பது இருந்தன. கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கடா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது, அவள் சுட்டாள்.

ஹால்வர் கீழே ஓடைக்கரையில் கழுதையோடு காத்திருந்தார். சத்தம் கேட்டதும் பழக்கதோஷத்தில் என்ன கிழமை என்று யோசித்தாராம். மேலே வந்து பார்த்தபோது டெலா கடாவின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். முட்டிப் பட்டை கிழிந்து இரத்தம் வந்திருந்தது.

"கால் மணி நேரம், ஹால்வர். அதுவும் என்னப் பாத்துச்சு."

அவர் தொப்பியைக் கழற்றினார். நான் உன்னிடம் பொய் சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்னார். ஆமாம், கூடாது என்றாள். பிறகு இருவரும் கத்தியை எடுத்துத் தோலை உரிக்கத் தொடங்கினார்கள்.

தோளுக்கு நேர் பின்னால் ஒரு தழும்பு இருந்தது. சரியாக ஒரு குண்டின் அகலம். நன்றாக ஆறி, மேலே முடி வளர்ந்திருந்தது. செவ்வாய்க்கிழமையின் தழும்பு. இன்றைய ஓட்டை அதற்குக் கீழே, சற்றுத் தள்ளி. மறுநாள் மைலோ படிவத்தை நிரப்பும்போது, பழைய காயங்கள் என்ற இடத்தில், ஒன்று, ஆறியது என்று எழுதி மேலே அனுப்பினான். மேலே இருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஹால்வர் அங்கேயே சட்டைப் பையிலிருந்து வெர்னியரை எடுத்தார். தழும்பின் நடுவிலிருந்து ஓட்டையின் நடு வரைக்கும் அளந்தார். நாலேகால் அங்குலம். நாற்பது வருடத்தில் அவ்வளவு சிதறச் சுட்ட எந்தக் குழலையும் அவர் அன்று சாயங்காலமே ரம்பத்தால் இரண்டாக அறுத்திருக்கிறார்.

"எவ்வளவு?" என்று கேட்டாள் டெலா.

அவர் சொன்னார்.

"ரொம்ப மோசமா?"

ஹால்வர் குனிந்து இரண்டையும் மறுபடி பார்த்தார். "ரெண்டும் உன்னோடது," என்றார். "இந்தக் குழல நான் அறுக்க மாட்டேன்."