இரண்டாவது மிதி

“பிள்ளை பஸ்ல போகட்டும்னு சொன்னா உங்களுக்கு என்ன…” “அழுத்து!” “அழுத்திட்டேன், நான் என்ன சொல்றேன்னா…” “பிடி, பிடி! பெடலைப் பிடிச்சுக்கோன்னா பேச்சைப் பிடிச்சுக்கிறா!” லாரிக்கு அடியிலிருந்து கணவரின் குரல், அதற்குப் பின்னால் ஸ்பானர் திரும்பும் சத்தம், பாட்டிலுக்குள் பிரேக் ஆயில் குமிழ் விட்டு இறங்கும் சத்தம்… மேலே ஓட்டுநர் சீட்டின் நுனியில், கால் எட்டாமல் எட்டி, இவள். கல்யாணமான புதிதில் சொல்லிக் கொடுத்தது, நான் விடுன்னு சொல்ற வரைக்கும் காலை எடுக்காதே, எடுத்தா குழாய் காத்தை உறிஞ்சிக்கும், காத்து புகுந்த பிரேக்கும் இல்லாத பிரேக்கும் ஒண்ணு… எத்தனை வருஷம், எத்தனை தடவை, ஒரு நாளாவது தப்பியிருக்கிறதா இந்தக் கால்? “விடு.” விட்டாள். மூன்று சக்கரத்துக்குக் காற்று எடுத்தாயிற்று, இன்னும் ஒன்று. பழைய ரப்பர் குழாய்கள் செத்த பாம்பு மாதிரி தரையில் கிடந்தன, அழுத்தினால் அவை உப்பிக்கொள்ளுமாம், அதனால்தான் பெடல் பஞ்சாய் அமுங்குமாம், இப்போது எஃகுக் கம்பி பின்னிய குழாய், உப்பாது. போன மாதம் பாலத்துக்குப் பக்கத்தில் பெடல் தரை வரை போய், வண்டி கைப்பிடிச் சுவரில் உரசி நின்ற பிறகுதான் இந்தப் புத்தி வந்தது. அதற்கு முன்னால் வாய் வலிக்கச் சொன்னாளே…

“புதுசு போட்டதும் முதல் ஓட்டம், முழு லோடு, மலை இறக்கத்துல அத்தனை வளைவு… நீங்க போங்க, பிள்ளையை ஏன்?” “அப்பன் வண்டியில மகள் ஹாஸ்டலுக்குப் போறா, இதுக்கு ஒரு ஒப்பாரி! அழுத்து.” “ஒப்பாரியா? நான் சொன்னது நடக்கலையா?” “நடக்கும்டி, நீ சொன்னா நடக்காம இருக்குமா? பாலத்துக்கிட்ட நடந்ததே உன் வாய் முகூர்த்தம்தான்!” சொல்லிவிட்டு, தன் நக்கலுக்குத் தானே சிரிக்கிறார்… இவளுக்குக் காது சுட்டது. வாய் முகூர்த்தமாம், பதினெட்டு வருஷம் இவர் வண்டி திரும்பி வரும் வரை சோறு இறங்காத இந்த வாயா… கால் எப்போது மேலே வந்தது? விடு என்று சொன்னாரா, சொல்லப்போனாரா? கீழே ‘களக்’ என்று ஒன்று கேட்டதே, ஆயிலா, காற்றா, அவர் தொண்டையா? “முடிஞ்சுது, இறங்கு,” என்றார் அவர். இவள் வாயைத் திறந்தாள்… திறந்தால் என்ன வரும்? இதோ மறுபடியும் ஆரம்பிச்சுட்டா என்பார், மகள் ஏறும் நேரத்தில் அந்த வார்த்தையை இன்னொரு தடவை கேட்கவேண்டுமா? மூடிக்கொண்டாள். அவரே ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார், முகமெல்லாம் பல். “கல்லு மாதிரி நிக்குது பாரு! இனிமே ஒரே மிதி, வண்டி நின்ன இடத்துல நிக்கும்.” சரி, அவர் காலுக்குத் தெரியாததா இவள் காலுக்குத் தெரிந்துவிட்டது? அப்பாடா என்று இருந்தது. மகள் பையைத் தூக்கிப் போட்டு ஏறி, “அம்மா, மூஞ்சியை இப்படி வச்சுக்கிட்டா வழியனுப்புவே?” என்று கையாட்டினாள். வண்டி வாசலைத் தாண்டிற்று.

சிந்திய ஆயில் மேல் சாக்கைப் போட்டுக் காலால் துடைத்துக்கொண்டிருந்தாள், ஒரு மிதி, இன்னொரு மிதி… முதல் மிதிக்குச் சாக்கு சதசதவென்று இறங்கிற்று, இரண்டாவதற்குத் தரை தட்டிற்று. ஒன்று, இரண்டு… கால் அங்கேயே நின்றது. தப், தப். இரண்டு தடவை கேட்டதே. ஏறி உட்கார்ந்தவர் இரண்டு தடவை அல்லவா மிதித்தார்? அவருக்கே தெரிந்திருக்காது… பஞ்சுப் பெடலில் பழகிய கால், எப்போதும் முதல் மிதி சும்மா, இரண்டாவது மிதிதான் பிரேக். நாற்காலியில் தூங்கும்போதுகூட வலது கால் இரண்டு தடவை துடிக்கும், அப்பா கனவுல பிரேக் போடறாரு என்று மகள் கேலி செய்வாள். காற்று உள்ளே இருந்தாலும் இரண்டாவது மிதிக்குப் பெடல் கல்லாகத்தானே இருக்கும்… முதல் மிதி? அது எப்படி இருந்தது, யார் பார்த்தது? ஒரே மிதி போதும் என்று நம்பிக்கொண்டு போகிறாரே… இல்லை, ஒன்றும் இருக்காது, சரியான நேரத்தில்தான் காலை எடுத்திருப்பாள்… எடுத்தாளா? போனை எடுக்கும்போது விரலில் ஆயில் வழுக்கியது. அவர் ஓட்டும்போது எடுக்கமாட்டார். மகளுக்கு அடித்தாள். அடிக்கிறது… அடிக்கிறது…

“என்னம்மா? இப்பத்தான் இறக்கம் ஆரம்பிக்குது, சிக்னல் போயிடும்.” இன்ஜின் இரைச்சலுக்கு நடுவே அவர் ஏதோ சொல்ல, மகள் சிரித்தாள். “அப்பா உன்கிட்ட சொல்லச் சொல்றாரு, பெடல் கல்லு மாதிரி இருக்காம்.”

“எத்தனாவது மிதியிலன்னு கேளுடி.”