படகிலிருந்து பார்த்த மேட்ச்

விழித்ததும் ஜன்னலைத் திறப்பேன். பாயைச் சுருட்டி மூலையில் வைப்பேன். அடுப்பைப் பற்றவைத்துப் பால் இல்லாத காபி போடுவேன். இரண்டு டம்ளர் எடுப்பேன். ஒன்றைத் திரும்ப வைப்பேன். சவரம், குளியல், சட்டை. பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து பாசஞ்சர் ரயிலில் கும்மிடிப்பூண்டி. தொழிற்சாலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு என் நாற்காலியில் உட்காருவேன்.

அன்றும் அப்படித்தான். 1969, பொங்கலுக்கு முந்தின வாரம். எங்களுடையது கம்பி இழுக்கும் தொழிற்சாலை. மெஷின்களில் பாதி நின்றிருந்தன. எல்லாம் ஹாங்காங் ஜுரம். உலகத்தைச் சுற்றிவிட்டு எங்கள் பக்கமும் வந்திருந்தது. என் மனைவி செல்லியம்மாள் ஐப்பசியில் அதில்தான் போனாள். கல்யாணமாகி இரண்டு வருஷம்.

லேபர் ஆபீசர் பூவராகவன் கூப்பிட்டார். வாலிபால் பைத்தியம் பிடித்த மனிதர்.

"லோகநாதன், உங்க மச்சான் மணவாளன் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான் சார்."

"நம்ம டீம்ல ஓர் இடம் காலி. வேலையும் சேர்த்துத்தான். காணும் பொங்கலுக்கு உங்க ஊர்ல மேட்ச் நடக்குமே, வந்து பார்க்கிறேன்."

"இந்த வருஷம் வேண்டாம்னு பேச்சு சார். வேணும்னா கூட்டம் சேர்க்காம ஆடச் சொல்றேன்."

"அதை நான் எதுக்குப் பார்க்கணும்? ஆளில்லாத இடத்துல எவனும் நல்லாத்தான் அடிப்பான். ஊரே கத்தும்போது எவன் கை நடுங்காம சர்வீஸ் போடறான்னு பார்க்கணும். போன வருஷம் ஒருத்தனை எடுத்தேன். மெட்ராஸ்ல கூட்டத்தைப் பார்த்தான், பந்தைப் போலீஸ்காரர் தலையில அடிச்சான்."

மணவாளன் செல்லியின் தம்பி. அவனுக்குப் படகு கிடையாது. அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறான். பங்கு கிடைத்தால் சோறு. அவனையும் அவன் அம்மா கோவிந்தம்மாவையும் அந்த ஒரு வேலை கரையேற்றிவிடும். அதை ரயிலில் திரும்பும்போது யோசித்தேன். வேறொன்றும் யோசிக்க முடியவில்லை.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரியின் கரையில் இருக்கிறது. வாலிபால் வலையைக்கூட நாங்களே பின்னிக் கட்டியிருந்தோம். மைதானம் ஏரிக்குள் நீண்டிருக்கும் மணல்திட்டில். என் வீடு அதற்குப் பக்கத்தில். காணும் பொங்கலன்று மெதூர் பக்கத்து நெல்லுக்காரர்கள் தங்கள் டீமோடு மாட்டுவண்டிகளில் வருவார்கள். ஆடுகளத்தைச் சுற்றி நெருக்கியடித்து நிற்பது வழக்கம். முன்னால் இருப்பவன் கழுத்தில் பின்னால் இருப்பவன் மூச்சு விடுவான்.

சாயங்காலம் அம்மன் கோயில் முன்னால் கூடினார்கள்.

"எல்லாரும் ஜுரத்துல படுத்து எந்திரிச்சாச்சி. இன்னமும் ஊட்டுக்குள்ளயே குந்திக்கினு இருக்கணுமா?" என்றார் அப்பாவு. சொந்தப் படகுக்காரர். பெரிய குரல்.

"எல்லாரும் எந்திரிக்கல" என்றாள் கோவிந்தம்மா.

அப்பாவு துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நான் அத்தச் சொல்லல அண்ணி."

"நீ எத்தச் சொன்னாலும் எனக்கு ஒண்ணுதான். ஒருத்திய வாரிக் குடுத்துட்டேன். மேட்ச் பாக்க வந்து இருமிக்கினே போறவங்களால இன்னொருத்தி புள்ள போவக்கூடாது."

"அம்மா, வேல கெடைக்கும்மா" என்றான் மணவாளன்.

"தெரியும்டா. தெரிஞ்சிதான் சொல்றேன்." மகனைப் பார்க்காமல் சொன்னாள். "வேல வேணான்னு எந்த வாயால சொல்லுவேன்? கூட்டத்த வான்னு எந்த வாயால சொல்லுவேன்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஊரில் பி.ஏ. படித்தவன் நான் ஒருவன். மனைவியையும் அந்த ஜுரத்துக்கே கொடுத்தவன்.

"நீ சொல்லு லோகு. வேணான்னா வேணாம்" என்றார் அப்பாவு.

நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொரு படகுக்காரன் பச்சையப்பன் அப்பாவு பக்கம் திரும்பினான்.

"மேட்ச் கெடக்கட்டும். நேத்து உன் படகு என் பாட்டுக்குள்ள பூந்துச்சே, அதுக்கு இன்னா பதில்?"

"காத்து தள்ளிச்சிடா."

"காத்து உன் பொண்டாட்டிக்குச் சொந்தமா? உனக்கு மட்டும் சொன்னபடி தள்ளுது?"

ஏரியில் இறால் வலை கட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இடம் உண்டு. சீட்டு குலுக்கிப் பிரித்துக்கொள்வோம். அதற்குப் பாடு என்று பெயர். ஒருவர் இடத்துக்குள் மற்றவர் ஒரு கை தூரம் வந்தாலும் பஞ்சாயத்து. அண்ணன் தம்பியானாலும் விடமாட்டார்கள். காய்ச்சலுக்கு அடங்காதவர்களும் பாட்டுக்கு அடங்குவார்கள்.

சண்டை முற்றிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன்.

"கரையில யாரும் நிக்க வேணாம். திட்டைச் சுத்தி ஏரியில பாடு பிரிங்க. சீட்டு குலுக்குங்க. ஒரு ஊடு, ஒரு படகு. அவங்கவங்க எடத்துல நின்னு பாருங்க. ஜுரம் இருக்கிற ஊட்டுப் படகு வரக்கூடாது."

அப்பாவு விரலை மடக்கிப் படகுகளை எண்ணினார்.

"மெதூர்க்காரனுக்குப் படகு ஏது?" என்று ஒருவர் கேட்டார்.

"வண்டி இருக்குதே. கரையில தள்ளித் தள்ளி அவுத்துப் போட்டு, அதுமேலயே குந்தட்டும்" என்றான் மணவாளன்.

"எனக்கு முன்னால எடம் வுழலன்னா?" என்றார் அப்பாவு.

"பின்னால நின்னு காத்த வேடிக்க பாரு" என்றான் பச்சையப்பன்.

கோவிந்தம்மா எழுந்து மணலைத் தட்டிக்கொண்டாள். "நான் வரமாட்டேன். ஆடுறதுன்னா ஆடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காணும் பொங்கலன்று முழங்கால் தண்ணீரில் வளைவாகப் படகுகள் நின்றன. நடுநடுவே கழி ஊன்றியிருந்தது. படகுகளுக்கு இடையே நாலு ஆள் நீளத் தண்ணீர். அப்பாவுக்குப் பின்வரிசைதான் விழுந்திருந்தது. பச்சையப்பன் முன்வரிசை. பழக்க தோஷத்தில் அவன் இடம் கிடைத்ததுமே வலையும் கட்டிவிட்டான். மேட்ச் நடுவில் இறால் எடுத்துக்கொண்டிருந்தான்.

"டேய், பந்தப் பாருடா!"

"என் பாடு, நான் புடிக்கிறேன். உனக்கு இன்னா பேஜாரு?"

பூவராகவன் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு திட்டின் ஓரத்தில் தனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் நாலு அடி தள்ளி நின்றேன். முதல் செட் எங்களுக்கு. இரண்டாவது மெதூருக்கு. அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஆட்டம் சரி. சத்தம் எங்கே லோகநாதன்? எல்லாரும் ஏரிக்கு நடுவில இருக்காங்க. காதுல விழவே இல்லையே."

உண்மைதான். திறந்த வெளியில் குரல்கள் கரைந்துபோயின. மணவாளனும் அடிக்கடி ஏரியைத் திரும்பிப் பார்த்தான். அவன் அடித்த பந்துகள் வலையில் விழுந்தன.

கடைசி செட்டில் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. சர்வீஸ் கையில் இருந்தால்தான் பாயிண்ட். அது மெதூர் கையில் இருந்தது. அப்போது பின்வரிசையில் அப்பாவு துடுப்பை எடுத்துப் படகின் விளிம்பில் அடித்தார். மீனை வலைப் பக்கம் விரட்ட அடிப்பது மாதிரி. அடுத்த படகு சேர்ந்துகொண்டது. பிறகு எல்லாப் படகுகளும். தண்ணீர் அதிர்ந்தது. கரையில் மாடுகள் மிரண்டு எழுந்தன. மெதூர்க்காரன் சர்வீஸைக் கோட்டுக்கு வெளியே போட்டான்.

பந்து மணவாளனிடம் வந்தது. எங்கள் ஆட்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். உடனே மெதூர்க்காரர்கள் வண்டிப் பலகைகளில் தட்ட ஆரம்பித்தார்கள். பழிக்குப் பழி. பூவராகவன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கைக்குட்டை கழுத்தில் தொங்கியது. மணவாளன் பந்தை மணலில் ஒரு தரம் தட்டினான். ஏரியைப் பார்க்கவில்லை, வண்டிகளைப் பார்க்கவில்லை. அடித்தான். பாயிண்ட். மறுபடி அடித்தான். பந்து மூலைக் கோட்டில் விழுந்தது. பதினைந்து, மேட்ச் எங்களுக்கு.

பிறகு எழுந்த சத்தத்தை என்னால் எழுத முடியாது. நானும் கத்தினேன் என்று பச்சையப்பன் சொல்கிறான். ஆனாலும் யாரும் படகிலிருந்து குதிக்கவில்லை. குதித்தால் அடுத்தவர் பாட்டில்தான் விழ வேண்டும்.

"மாசம் பொறந்ததும் வரச் சொல்லுங்க" என்றார் பூவராகவன்.

அடுத்த வாரம் இரண்டு வீடுகளில் ஜுரம் வந்தது. ஏரியில் வந்ததா பஸ்ஸில் வந்ததா, தெரியாது. இரண்டு பேரும் எழுந்து நடமாடினார்கள்.

மேட்ச் முடிந்த அன்று நான் வீட்டுக்குப் போனபோது கோவிந்தம்மா உள்ளே உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் பக்கத்தில்.

"கடசி ரெண்டும் நம்மளுதுதான?"

"ஆமா அத்தை. வேலை கிடைச்சிடுச்சு."

தலையசைத்தாள். வெளியே மணவாளனைத் தோளில் தூக்கச் சிலர் முயன்றார்கள். தள்ளி நில்லுங்க என்று யாரோ திட்டினார்கள். நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

"ஏம்பா," என்றாள், "எம் பொண்ணு கடசியா, அம்மாவப் பாத்துக்கன்னு சொல்லிச்சின்றாங்களே எல்லாரும். மெய்தானா? நான் அப்போ அது நெத்தியில பூச துன்னூறு வாங்க கோயிலுக்குப் போயிருந்தேன்."

நான் மட்டும்தான் அங்கே இருந்தேன். என்னை யாரும் இதுவரை கேட்கவில்லை.

இல்லை என்றேன். நடந்ததைச் சொன்னேன். அன்று மழை விட்டிருந்தது. திட்டில் பையன்கள் வாலிபால் பழகிக்கொண்டிருந்தார்கள். ஏரிக்காற்று சில்லென்று அடித்தது. செல்லிக்கு ஆகாதென்று எழுந்து ஜன்னல் கதவில் கை வைத்தேன். அவள் கண்ணைத் திறந்து பேசினாள்.

கேட்டதும் அத்தை அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். "அவதான். அவளேதான்" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். இரண்டு டம்ளரிலும் காபியை ஊற்றிவிட்டு, செல்லி சொன்னதை அப்படியே சொன்னேன்.

"ஜன்னல சாத்தாத மாமா. யாரு சர்வீஸ்னு கேட்டுக்கினு இருக்கேன்."